ஃபேமிலி கன்ட்ரோலர்

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. டைரியில் இந்தத் தேதிக்கு வேறு கிழமை அச்சாகியிருக்கிறது. பழைய டைரி, அடித்து மாற்றிவிட்டேன்.

இது நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். ஆகஸ்ட் மாதம் அரசி இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் முதல் நாள் உட்கார்ந்தபோதே என் தங்கை கஸ்தூரியிடம் சொன்னேன்: "உன் பொண்ணுக்கு ஒரு நாள் திடீர்னு நெட்டு போய்டும் பாரு, அன்னிக்கு இந்த மாமன்தான் வேணும்." எந்தக் கிழமை என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். திங்கள். இன்று திங்கள்.

காலை 8.50. அரசி தலை சீவி, காதில் மைக் மாட்டி உட்கார்ந்தாள். 9 மணிக்கு வேலை திறக்க வேண்டும். திறக்கவில்லை.

"மாமா, நெட் வரல."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"மூணு வாட்டி பண்ணிட்டேன். கனெக்‌ஷன் இருக்கிற பக்கத்தத் தொறந்தா ஒண்ணுமே இல்ல மாமா. காலியா கீது."

எட்டிப் பார்த்தேன். மேலே 'நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' என்று தலைப்பு. கீழே வழக்கமாக ஒரு குட்டிப் பெட்டிப் படமும் 'ஈதர்நெட்' என்ற பெயரும் இருக்கும். இல்லை. சிவப்புப் பெருக்கல் குறி இருந்தாலாவது கெட்டுவிட்டது என்று சொல்லலாம். இது கெடவில்லை, இல்லவே இல்லை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோல் மாதிரி வெறும் வெள்ளை.

இந்த வேலை போகக் கூடாது. ஏன் என்று எழுதிவைக்கிறேன். அரசி முன்னால் ஷூ கம்பெனியில், ஒட்டுகிற பிரிவில். நாள் முழுக்க பசை சொல்யூஷன் வாடை. இரண்டு வருஷத்தில் மூச்சிளைப்பு. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அந்த வாடைப் பக்கம் போனால் நெஞ்சு தாங்காது என்றார். (என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் விவரம் தெரிந்தவர், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.) அதன் பிறகு எட்டு மாதம் சும்மா வீட்டில். அதன் பிறகு இது. சென்னைக் கம்பெனி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிச் சீட்டுகளைப் பார்த்துத் தட்டவேண்டும். வீட்டிலிருந்தே. கம்ப்யூட்டர் நம்முடையது, பஜாரில் இம்தியாஸ் பாய் கடையில் எடுத்தது. ஆனால் அவர்கள் சாப்ட்வேர் பதிவு செய்த ஒயர் லைனில்தான் திறக்கும், போன் நெட்டில் திறக்காது. மூன்று மாதம் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம். பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால் திரும்ப ஒட்டுகிற பிரிவுதான். இந்த ஊரில் அவளுக்கு வேறு எதுவும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. லோகு. கேபிள்காரன்.

நேற்று ஞாயிறு, கஸ்தூரியும் அரசியும் குடியாத்தத்தில் சொந்தக்காரர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். நாலு மணிக்கு லோகு வந்தான், மழையில் ஒயர் தொங்குகிறது, இழுத்துக் கட்டுகிறேன் என்று. கட்டினான். கட்டிவிட்டுச் சும்மா போனானா? உள்ளே வந்தான். அரசி நாற்காலியில் உட்கார்ந்தான். பத்து நிமிஷம் தட்டினான். இன்னாப்பா என்றேன். செட்டிங் பாக்கறேன்ணா என்றான். என் கண்ணால் பார்த்தேன். இதை அப்படியே அரசியிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கிட்ட கேக்காம எப்படி மாமா உக்கார வுட்ட?"

"நான் தடுத்தேன். கேக்கல."

10.30க்கு லோகு வந்தான், முழுக்க நனைந்து. ஒயரைக் கழற்றிக் கையிலிருந்த மெஷினில் மாட்டினான். பச்சை எரிந்தது.

"லைன் சுத்தமா வருதும்மா. உங்க சிஸ்டம் உள்ளதான் இன்னாவோ."

"நேத்து நீ தட்னதுக்கு அப்பாலதான்டா இப்படி," என்றேன்.

"நான் எங்கண்ணா தட்னேன்?"

"பின்ன நானா தட்னேன்?"

அவன் அரசியைப் பார்த்தான். அரசி தரையைப் பார்த்தாள். நான் குரலை உயர்த்தினேன். நம்மிடம் குரல் இருக்கிறது, தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிய தொண்டை. அவன் ஒயரை மாற்றினான், நுனியில் இருக்கும் கிளிப்பை மாற்றினான், சுவரில் இருந்த நெட் பெட்டியை மாற்றினான். மதியம் இரண்டு மணி வரைக்கும். வெள்ளைப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

சாப்பாடு: ரசம், அப்பளம். அரசி சாப்பிடவில்லை. இளைப்புக்கு இழுக்கும் மருந்து இரண்டு தடவை இழுத்தாள்.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. முட்டி வலி.

7.10க்கு ஷூ கம்பெனி வேன். கஸ்தூரி ஏறிப் போனாள். அவள் தையல் பிரிவு, அங்கே வாடை கம்மி.

அரசி கம்பெனிக்குப் போன் போட்டாள். அவளுக்கு மேலதிகாரியான அம்மா நல்லவிதமாகப் பேசினாள். லைன் பிரச்சினை எல்லோருக்கும் வரும், வியாழன் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறோம், எங்கள் டெக்னிக்கல் ஆள் பேசுவார் என்றாள். உசிர் வந்தது.

11 மணிக்கு அந்த ஆள் பேசினான். சென்னைத் தம்பி, அரசி போனை ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை.

"டிவைஸ் மேனேஜர் திறங்க மேடம். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்'னு ஒரு தலைப்பு இருக்கா?"

"இல்ல சார்."

"மஞ்சள் முக்கோணம் எங்கயாவது?"

"அதர் டிவைசஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ இருக்கு."

"ஓகே. அப்போ நெட்வொர்க் கார்டு உள்ளே இருக்கு, அதோட டிரைவரை யாரோ எடுத்திருக்காங்க. கடைசியில 'ஃபேமிலி கன்ட்ரோலர்'னு முடியிற மாதிரி ஒரு வரி இருந்திருக்கும். அதுதான் உங்க நெட். யாராவது அன்இன்ஸ்டால் பண்ணாங்களா?"

நான் போய் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

அரசி என் பக்கம் திரும்பினாள். "லோகுதான் எடுத்திருக்கான் போல மாமா."

"ஆமா," என்றேன். "சொன்னேன்ல."

சென்னைத் தம்பி: சொந்த சிஸ்டம் என்பதால் டிரைவர் நாங்கள் போட மாட்டோம், வாங்கின கடையில் போடச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை.

இங்கே ஒன்று எழுதவேண்டும். இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை.

ஞாயிறு காலை வீட்டில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அரசி ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். நான் சரி செய்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் எனக்குப் புதுசில்லை. ஷாப் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட்ட முதல் கை என் கை. (மாடிக்குத் தூக்கிப் போனது நானும் இன்னொருத்தனும்.) போனில் வீடியோ போட்டு ஒருத்தன் தமிழில் சொல்லித் தருகிறான், தேவையில்லாததை எடுத்துவிட்டால் வேகம் வரும் என்று. நியாயம்தான். ஷாப்பில் ஒரு லாட் தோல் முடிந்தால் டிரம்மைத் திறந்து, பழைய தண்ணீரை ஊற்றி, கழுவிவிட்டுத்தான் அடுத்த லாட் போடுவோம். கழுவாமல் போட்டால் அடுத்த லாட்டில் கறை. கம்ப்யூட்டரும் டிரம்தான்.

அவன் காட்டின பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கீபோர்டு, மவுஸ், மானிட்டர், எல்லாம் நியாயமான பெயர். அப்புறம் ஒரு வரி. முன்னால் ஏதோ எழுத்தும் எண்ணும். கடைசியில் FAMILY CONTROLLER. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். குடும்பத்தைக் கட்டுப்படுத்துகிறவன்.

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. வீட்டு கம்ப்யூட்டருக்குள் ஆளை உட்காரவைத்து வேவு பார்க்கிறார்கள் என்று போனில் தினம் வருகிறது. கஸ்தூரி புருஷன் விட்டுப் போன நாளிலிருந்து இந்த வீட்டுக்குப் பொறுப்பு நான். பதினாறு வருஷம். இந்தக் குடும்பத்துக்குக் கன்ட்ரோலர் என்று ஒருத்தன் இருந்தால் அது நான். எனக்குத் தெரியாமல் இவன் யார்?

எடுத்தேன். டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்டது. டிக் போட்டேன். அழி. மூலையில் இருந்த படம் மாறி, பூமி உருண்டை மாதிரி ஒன்று வந்தது. சுத்தமானதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். ஆஃப் செய்துவிட்டுக் குளிக்கப் போனேன். ரொம்ப நிம்மதியாக இருந்தது.

அது நெட் என்று எவனுக்குத் தெரியும். நெட்டுக்கு நெட் என்று பெயர் வைக்க மாட்டானா.

ஆனால் லோகுவுக்கும் இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. லைன் கொடுத்தவன் அவன். அப்படி ஒரு வரி வீட்டுக்குள் வருகிறது என்றால் சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் கஸ்தூரி வந்ததும் அரசி விஷயத்தைச் சொன்னாள். "டிரைவரைக் காணோமாம்மா."

"எங்க வேன் டிரைவரா? காலைலகூட இருந்தானே."

அரசி சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கஸ்தூரி அதற்குள், "அந்த லோகுவ சும்மா வுடக் கூடாதுண்ணா, வயசுப் பொண்ணு பொருள்ல கை வெக்கறான்," என்றாள். நான் டீ குடித்தேன்.

இம்தியாஸ் பாய்க்கு அரசி ஸ்பீக்கரில் போன் போட்டாள். கடை பூட்டு. மேல்விஷாரத்தில் அவர் தங்கச்சி நிக்காஹ். பின்னால் ஒரே சத்தம், பாத்திரம், குழந்தைகள்.

"பேஜார் பண்ணாதம்மா, டிரைவர் போனா போன்லயே சொல்லித் தர்றேன். உங்கிட்ட பென்டிரைவ் கீதா? பக்கத்துல யார் சிஸ்டத்துலயாவது டிரைவரை இறக்கி... ஒண்ணு சொல்லு, யார் எடுத்தாங்க அத?"

"கேபிள்காரர் உக்காந்தாராம் பாய்."

"கேபிள்காரனுக்கு இன்னா வேலை அங்க? எதனா சொருகினானா?"

அரசி என்னைப் பார்த்தாள். "மாமா, பென்டிரைவ் எதனா சொருகினானா?"

ஒரு ஆள் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தான் என்றால் யார் நம்புவார்கள். ஏதாவது செய்திருக்க வேண்டும் இல்லையா.

"சொருகினான்," என்றேன். "கறுப்புக் கலர்."

"அரே," என்றார் பாய். "அப்போ தொடாத. உள்ள இன்னா போட்டிருக்கான்னு தெரியாம லைன்ல வுட்டா, கம்பெனி சிஸ்டம் வரைக்கும் போய்டும், உன் தலைல வுழும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வை. வியாழக்கிழமை நானே வர்றேன்."

அரசி ஸ்விட்சை அணைத்தாள். ஒயரையும் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

நவ. 5, புதன்

வெயில். துணி எல்லாம் மாடியில்.

கஸ்தூரி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கேபிள் ஆபீசுக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். (மெதுவாகத்தான் சொன்னேன்.) அவள் அங்கே கத்தியது பஜார் முனை வரைக்கும் கேட்டதாம். டீக்கடையில் வந்து என்னிடமே சொல்கிறார்கள்.

"உங்க வீட்ல அந்த லோகு அரை மணி நேரம் உக்காந்துட்டு இருந்தானாமே?"

"பத்து நிமிஷம்," என்றேன்.

"பொண்ணு போட்டோவெல்லாம் அதுல இருக்கும் இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "யாருக்குத் தெரியும்," என்றேன். இந்த இரண்டு வார்த்தைக்குக் கடையில் ஆறு பேர் தலையாட்டினார்கள். தோஸ்த் ஒருத்தன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அரசி மேசையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்பெனி அம்மா போன் செய்திருக்கிறாள், எப்போது சரியாகும் என்று கேட்க. இவள் உள்ளதைச் சொல்கிற பெண். கேபிள்காரர் உட்கார்ந்தார், பென்டிரைவ் சொருகினார், அதனால் பாய் வந்து பார்க்கிற வரை அணைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாவின் குரல் மாறிவிட்டதாம். வெளியாள் உட்கார்ந்தாரா என்று இரண்டு தடவை கேட்டாளாம். நடந்ததை எழுதி, நேரில் பார்த்தவர் கையெழுத்தோடு போட்டோ எடுத்து அனுப்பு என்றாளாம்.

"மாமா, நிஜமாவே உக்காந்தானா?"

"இன்னாம்மா இப்படி கேக்கற?"

"எழுதித் தரணும் மாமா. அதான்."

"எழுது. கண்ணால பாத்தேன்."

எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. நேரம், நாள், எவ்வளவு நேரம், பென்டிரைவ் கலர். கடைசியில் 'நேரில் கண்டவர்' என்று எழுதிக் கோடு போட்டாள். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு, முழுப் பெயர், அப்பா பெயர், எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். பேங்க்கில்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.  

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 

நவ. 6, வியாழன்

மேகமூட்டம். பால்காரன் வரவில்லை.

நான்கு மணிக்கு இம்தியாஸ் பாய் வந்தார், கல்யாணப் பிரியாணி ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு. கையில் இன்னும் மருதாணிப் புள்ளி.

"இன்னா மேஸ்திரி, உங்க வீட்லயே திருடனா?"

(நான் மேஸ்திரியாக இருந்ததில்லை. ஆனால் மேஸ்திரி லீவில் இருக்கும்போது டிரம் பக்கம் நான்தான்.)

முதலில் வைரஸ் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்புறம் தன் பென்டிரைவிலிருந்து டிரைவரைப் போட்டார். மஞ்சள் முக்கோணம் போனது. அந்த வரி திரும்ப வந்தது, FAMILY CONTROLLER, ஒன்றுமே நடக்காத மாதிரி. வெள்ளைப் பக்கத்தில் குட்டிப் பெட்டி வந்தது. எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம்.

பாய் விடவில்லை, உள்ளே எதையெதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்பு பென்டிரைவ்னு சொன்னியே மேஸ்திரி, இதுல எந்தப் பென்டிரைவும் சொருகின மாதிரி தெரியல. கடைசியா சொருகினது ஆகஸ்ட்ல நான் போட்டதுதான்."

"தெரியாம இருக்கும்."

"டிரைவர் எடுத்தது ஞாயிறு. 11.20."

"நாலு மணி," என்றேன்.

"11.20 மேஸ்திரி. காலைல."

"கம்ப்யூட்டர் டைம் தப்பா இருக்கும் பாய். என் டைரிலகூட கிழமை தப்பு."

பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டர் மூலையில் நேரத்தைப் பார்த்தார். இரண்டும் 4.25. அப்புறம் என்னைப் பார்த்தார். அரசியைப் பார்த்தார். ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "நெட் வந்துச்சில்ல, அது போதும்," என்று எழுந்தார். டப்பாவைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்.

அரசி என்னைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்து கம்பெனி சாப்ட்வேரைத் திறந்தாள். அவள் பெயர் போட்டாள். பாஸ்வேர்டு போட்டாள். அனுமதி இல்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. திரும்பப் போட்டாள். அதே வரி. நெட் பிரமாதமாக ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு விடாமல் சிமிட்டியது.

நவ. 7, வெள்ளி

கம்பெனி அம்மா காலை 10 மணிக்குப் பேசினாள். ஸ்பீக்கரில் போடவில்லை, அரசி காதில் வைத்தே கேட்டாள். எனக்கு இவள் பக்கம் மட்டும் கேட்டது.

"சரி மேடம்... இல்ல மேடம், அவர் தெரிஞ்சவர்தான்... நோயாளிங்க விவரம் எதுவும் போகல மேடம், கடைக்காரர் பாத்துட்டார்... புரியுது மேடம். எழுதினது நான்தான் மேடம்... மாமாதான் மேடம், எங்க மாமா, பொய் சொல்ல மாட்டாரு."

போனை வைத்துவிட்டு, அந்த அம்மா சொன்னதை என்னிடம் சொன்னாள்.

லைன் போனதற்காக இல்லையாம். நான்கு நாள் இல்லை, ஒரு வாரம்கூடப் பொறுத்திருப்பார்களாம், வேலை நன்றாகச் செய்கிற பெண்ணாம். வெளியாள் ஒருத்தன் உட்கார்ந்தான் என்று கையெழுத்தோடு வந்துவிட்டதாம். நோயாளிச் சீட்டு இருக்கும் சிஸ்டத்தில் வெளியாள் உட்கார்ந்தால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டமாம். அந்தக் கடிதத்தில் உள்ளது தப்பு என்று நேரில் பார்த்தவரே எழுதிக் கொடுத்தால், திங்கள் காலை 9 மணிக்குள் அனுப்பு, மேலே பேசிப் பார்க்கிறேன் என்றாளாம்.

கஸ்தூரி சாயங்காலம் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "அந்தப் பாவி நல்லா இருப்பானா," என்றாள். லோகுவை. அரசி, "வுடும்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். 11.20 பற்றி அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

மாத்திரை போட்டேன். பிரஷர் ஜாஸ்தி.

நவ. 8, சனி

தூறல் திரும்ப ஆரம்பம்.

லோகு வந்தான். வண்டி இல்லை, ஏணி இல்லை, நடந்து வந்தான். புதன்கிழமையே கேபிள் ஓனர் அவனிடமிருந்து சாவியையும் மெஷினையும் வாங்கிக்கொண்டாராம். வேறு ஓனரிடம் கேட்கப் போனால் அங்கேயும் விஷயம் போய்விட்டதாம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். கஸ்தூரி கம்பெனியில். அரசி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள், கேட்கிற தூரம்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நான் உள்ள வந்தேனா?"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. டீக்கடையிலிருந்து இரண்டு பேர் திரும்பினார்கள்.

"வந்த," என்றேன்.

"உக்காந்தேனா?"

"உக்காந்த."

"என் பொண்டாட்டி கேக்கறாண்ணா. நான் கத்தல, சண்டைக்கு வரல. அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க, வரலன்னு. வேலை போனா போகுது."

"போப்பா," என்றேன். "உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். அப்புறம் போய்விட்டான். உள்ளே திரும்பினால், அரசி மடித்த புடவையையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று கத்தரிக்காய் காரக்குழம்பு. உப்பு இல்லை. 

நவ. 9, ஞாயிறு

வெயில் வந்து வந்து போகிறது.

கஸ்தூரி வேன்காரனிடம் பேசிவிட்டாள். சூப்பர்வைசரிடமும். நாளையிலிருந்து அரசியும் வேனில் வேலைக்கு. தையலில் இடம் இல்லை, ஒட்டுகிற பிரிவில்தான் இருக்கிறது. இரண்டு மாதம் பொறுத்துக்கோ, தையலுக்கு மாற்றித் தருகிறேன் என்றானாம். போன தடவையும் அப்படித்தான் சொன்னான். அப்போது அது இரண்டு வருஷம்.

கஸ்தூரி பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மூக்குக்குக் கட்ட நான்கு மடிப்புத் துணி தைத்தாள். அரசி கட்டிப் பார்த்தாள். "மூச்சு முட்டுதும்மா," என்றாள். "மூணு மடிப்பா தெச்சிக் கொடு."

மதியம் கஸ்தூரி கடைக்குப் போனபோது அரசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேப்பர், பேனா. கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

"மாமா, ஒரு வரி போதும். லோகு உக்காரலன்னு. நீயே எழுது, இல்லனா நான் எழுதறேன், நீ கையெழுத்து போடு. அம்மாவுக்குத் தெரிய வேணாம். யார் எடுத்தாங்கன்னு அவங்க கேட்டா, நான்தான் தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"நான் பொய்யா சொன்னேன்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல மாமா."

"டீக்கடையில, கேபிள் ஆபீசுல, எல்லார்கிட்டயும் சொன்னது. இப்ப மாத்தினா இன்னா நெனப்பாங்க? கையெழுத்து போட்டிருக்கேன் அரசி. அப்பா பேரோட."

அவள் பேப்பரை என் பக்கத்தில் வைத்தாள். காற்றில் பறக்காமல் மேலே பேனாவை வைத்தாள். "நாளைக்கு ஒன்பது மணி வரைக்கும் டைம் இருக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் வரை அந்தப் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டிவி போட்டேன்.

நவ. 10, திங்கள்

வானம் சுத்தம். குளிர்.

7.10. வேன் ஹாரன். அரசி கிளம்பும்போது அந்தப் பேப்பரைப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. மருந்து டப்பாவை டிபன் பையில் போட்டுக்கொண்டாள். "வர்றேன் மாமா," என்றாள். அப்போதும் மாமா என்றுதான் சொன்னாள். வேன் படியில் கஸ்தூரி அவள் கையைப் பிடித்து ஏற்றினாள். கதவு சாத்தினபோது உள்ளே அவள் இருமினாள். ஒரே ஒரு தடவைதான். இன்னும் அங்கே போய்ச் சேரக்கூட இல்லை.

8.00 டீ.

8.30. பேப்பர் எதிரில். பேனா மூடி திறந்துவிட்டேன்.

8.45. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, எழுத்து வேலையா?" என்றார். ஆமாம் என்றேன். கவர்மென்ட்டுக்கு ஒரு பெட்டிஷன் என்றேன்.

9.00.

9.20. மணி போய்விட்டது.  இங்கேதான் எழுத வருகிறது.

ஞாயிறு நாலு மணிக்கு லோகு வந்தான். தெருவிலேயே நின்று ஒயரை இழுத்துக் கட்டினான். தண்ணீர் கேட்டான், சொம்பில் கொண்டுபோய்க் கேட்டண்டை கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். போய்விட்டான். உள்ளே வரவே இல்லை.